பூமியைக் காக்கும் கார்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை, போன மாதம் வாங்கிய தன் பழைய கார் ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கணவர் அறிவித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவி அவருடைய சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் பொரிச்ச வாசனை அடிக்குதே. ஸ்டென்ட் வச்ச உடம்பு, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாருல்ல?"

"அது வண்டிப் புகைடி. பொரிச்சு மிஞ்சின எண்ணெயில பயோடீசல் செய்றாங்க. அதைத்தான் ஊத்தி ஓட்டறேன். நாளைக்கு உலகமே இதுலதான் ஓடப்போகுது."

"உலகம் ஓடட்டும். உங்க உதடு ஏன் மினுமினுக்குது?"

"புகை படியாதா பின்ன?"

"மீசையில தூள் ஒட்டியிருக்கே?"

"சுத்திகரிக்கிறப்ப அப்படித்தான் பறக்கும். விஞ்ஞானம் தெரியாம பேசாதே."

மீசையில் படியும் விஞ்ஞானத்தை அவள் நம்பத் தயாராக இல்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தன் தம்பியை வரவழைத்தாள்.

"உங்க மாமா பயோடீசல்ல வண்டி ஓட்டறாராம். நிஜமான்னு பார்த்துச் சொல்லுடா. அவரு நெஞ்சு தாங்கணும்டா எனக்கு."

கணவர் காரின் குறுக்கே வந்து நின்றார். "இதெல்லாம் நுட்பமான விஷயம் மாப்ளே. ஒரு பார்வையில புரியாது."

தம்பி பானட்டைக்கூடத் திறக்கவில்லை. மாமாவைச் சற்றே நகரச் சொல்லி, டாங்க் மூடியை மட்டும் பார்த்தான்.

"அக்கா, பயோடீசல் ஊத்தினா டீசல் வண்டிதான் ஓடும்."

"அப்போ இது?"

"பெட்ரோல் வண்டி."