டம்ளரில் இரண்டு சீட்டு

"ஆமென்" என்று ஜெபத்தை முடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே டம்ளருக்குள் கையை விட்டார் கணவர். எதிரே மனைவி கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

போவதா, இருப்பதா? தூரத்து நகரத்தில் ஒரு பெரிய அச்சகம் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகும் அவள் அப்பாவுக்கோ, இங்கே அவளை விட்டால் ஆளில்லை. மூன்று வாரம் சண்டை போட்டு ஓய்ந்து, சீட்டுப் போட்டுக் கர்த்தரின் சித்தத்தைக் கேட்பது என்று முடிவானது.

அச்சகக்காரர் அல்லவா, இரண்டு சீட்டையும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வெட்டித் தந்தார். "ஒண்ணுல 'போ', ஒண்ணுல 'இரு'ன்னு நீ எழுது, நான் எடுக்கறேன். நடுவுல கர்த்தர் இருக்கட்டும்."

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள், இன்று என்னவோ பதற்றமே இல்லாமல் எழுதி, மடித்துப் போட்டாள்.

அவர் சீட்டைப் பிரித்தார். ஒரு நொடி உற்றுப் பார்த்தார்.

"'போ'ன்னு வந்திருக்கு. ஸ்தோத்திரம்!"

சொன்ன கையோடு, டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் சீட்டைக் காட்டினார். பொசுக்கென்று எரிந்துபோனது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க எரிச்சீங்க?"

"கர்த்தரே சொன்னப்புறம் காகிதம் எதுக்கு?"

"பொய் சொல்றீங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் டம்ளரைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபித்த மனுஷன். இவரையே நம்ப முடியாவிட்டால் வேறு யாரை நம்புவது?

"கர்த்தர் பேரைச் சொல்லி என் கழுத்தை அறுத்துட்டீங்களே!"

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இதுக்கா சண்டை? மிச்சச் சீட்டைப் பார்த்தா தெரிஞ்சிடப்போகுது" என்று டம்ளரை எடுத்தார்.

"வேண்டாம் மாமா!"

"வச்சிடுங்கப்பா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதற்குள் அப்பா கண்ணாடியை மாட்டிச் சீட்டைப் பிரித்துவிட்டார்.

"இதுல 'இரு'ன்னு இருக்கு. அப்ப மாப்பிள்ளை எடுத்தது 'போ'தான். நல்ல மனுஷன் மேல ஏம்மா பழி போடற?" டம்ளரைக் கீழே வைத்தார். "கர்த்தர் போகச் சொன்னா போயிட்டு வாங்க. என் பாட்டை நான் பார்த்துக்கறேன்."

அவள் தலை நிமிரவில்லை. ஜெயித்துவிட்ட கணவரோ பேயறைந்தது போல நின்றார். மாமனார் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஆத்திரத்தில் என்ன சொல்கிறோம் என்பதே தெரியாமல் மனைவியைப் பார்த்துக் கத்தினார்:

"அடிப்பாவி! நான் எடுத்ததுலயும் 'இரு'ன்னுதானே இருந்துச்சு!"