குழாயடியில் அம்மா

“நின்னுடுச்சாம்மா?” என்று கத்தினேன்.

“இல்லடி, வருது,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

வால்வை இன்னும் கொஞ்சம் திருகினேன்.

எங்கள் பிளாட்டின் தண்ணீர் வால்வு வீட்டுக்குள் இல்லை. வெளியே, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அலமாரிக்குள் இருக்கிறது. அதைத் திறந்தால் அந்த மாடியிலுள்ள ஆறு வீடுகளின் வால்வுகளும் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி.

வருடத்தில் மூன்று வாரம் விடுமுறைக்கு ஊரிலிருந்து இந்த வெளிநாட்டு வீட்டுக்கு வருவோம். மற்ற நாளெல்லாம் இந்த வீடு கடல் கடந்து தனியாகக் கிடக்கும். ஆகவே கிளம்பும்போது தண்ணீரை வெளியிலேயே மூடிவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

முதல் வருடம் அவர் பக்கத்து வீட்டுக்காரரின் வால்வை மூடிவிட்டார்.

அந்த மனிதர் தலை நிறையச் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து திட்டித் தீர்த்தார். அவர் பேசிய மொழி அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது என்று பிறகு சொன்னார்.

அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு வந்தது. அப்பா வால்வில். அம்மா, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால். நான் நடுவில், வாசலில்.

அம்மாவுக்குச் சத்தமாகப் பேச வராது. “நின்னுடுச்சு” என்று அவள் முணுமுணுப்பதை நான் வாங்கி, “நின்னுடுச்சாம்ப்பா!” என்று அப்பாவுக்குக் கத்த வேண்டும். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு வருடத்துக்கு ஒரு முறை கிடைத்த உத்தியோகம்.

ஊமச்சிக்கு மைக்செட் வேலை என்று அண்ணன் கிண்டல் செய்வான். அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும், சரிங்க மேடம் என்று பதில் சொல்வார்.

இந்த வருடம் அப்பா வரவில்லை. வால்வு என் கைக்கு வந்தது; அம்மாவின் முணுமுணுப்பைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். இனி விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் இல்லாமல் யார் வரப்போகிறோம்? அண்ணன் கட்டில், மெத்தை, பாத்திரத்தோடு வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டான். அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். புது ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள்.

அம்மாவுக்கு இது தெரியாது.

ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இங்கே அழ ஆரம்பித்தால் விமானம் போய்விடும் என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். எப்படியும் நீதான் பேசவே மாட்டாயே என்றும் சொன்னான்.

நானும் பேசவில்லை. காலையிலிருந்து அம்மாவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அப்பாவின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். ஃபிரிட்ஜைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகினாள். மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தாள். குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள். அப்படிச் செய்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றாது, நாற்றம் மேலே வராது. மிச்சமிருந்த சர்க்கரையைப் பாட்டிலில் இறுக்கி மூடி, அதற்கு இரண்டு பை போட்டுக் கட்டினாள்.

அந்த இரண்டாவது முடிச்சைப் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், பையை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

பட்டியலின் கடைசி வரியில், ‘வீட்டம்மாவை மறக்காமல் கூட்டி வரவும்’ என்று எழுதியிருக்கும். வருடா வருடம் அம்மா அதைப் படித்துவிட்டு அப்பாவைத் திட்டுவாள். இன்று அதன் மேல் விரலை ஓட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

“இப்போ?”

“இன்னும் வருதுடி.”

கீழே டாக்சியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மூன்றாவது முறையாகப் போன் அடித்தான்.

வால்வு அதற்கு மேல் திரும்ப மறுத்தது. இன்னும் முறுக்கினால் பிடி கையோடு வந்துவிடும். அப்பாவைப் போல நானும் வேறு வீட்டு வால்வை மூடிவிட்டேனோ என்று பயம் வந்தது. என்னவென்று பார்க்க உள்ளே போனேன்.

குழாய் முழுக்கத் திறந்திருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அம்மா அதன் கீழே உள்ளங்கையை நீட்டியபடி நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்ப்பதாகவே தெரியவில்லை.

நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். வால்வைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக, முடிகிறவரை திருப்பினேன்.

உள்ளே தண்ணீர் சிங்க்கில் விழும் சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்டது.

“ஆமாம்மா, சரியா மூடல. கொஞ்சம் இரு!” என்று கத்தினேன்.

தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. என் கையில் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

பிறகு அவளே குழாயை மூடினாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். பூட்டு விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் வால்வை மூடக் குனிந்தேன்.

“அதை விடு,” என்றாள். “வாங்கினவங்க வந்ததும் கை கழுவத் தண்ணி வேணும்ல.”