மில் ஓடும்போது எண்பத்தைந்து

வெல்டிங் ராடு மறுபடியும் இரும்பில் ஒட்டிக்கொண்டது.

வெடுக்கென்று திருப்பி இழுத்தாள். வரவில்லை. ஹோல்டரின் பிடியைத் தளர்த்தி, ராடை இரும்பிலேயே நட்டுவைத்தபடி விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

சனியன்.

மெஷினின் கரண்ட் முள் எழுபதில் நின்றது. நேற்றும் எழுபதுதான். இதே துண்டு இரும்பு. வழுக்கிக்கொண்டு ஓடியது.

இன்றைக்கு என்ன கேடு?

வாசலில் கேட் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. மேல் கீல் விட்டுப்போய்ப் பதினோரு நாள் ஆகிறது. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாள். பக்கத்துத் தெரு ஆடு தலையைக் கொடுத்து நுழைந்து, கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. பட்டறைக்காரர் தினமும் போனில் "இந்தா வந்துட்டேன்" என்கிறார். எந்த நாட்டிலிருந்து வருகிறாரோ.

நானே பற்றவைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு, கணவன் பூல்பாண்டி தோஹாவிலிருந்து சிரித்தான். அங்கே அவனுக்குக் குழாய் பற்றவைக்கிற வேலை.

"ஏட்டி, மிக்சின்னு நெனச்சியா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு திருவுததுக்கு?"

அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

மறுநாளே தார்ப்பாயை இழுத்துப் போட்டு அவன் மெஷினை வெளியே எடுத்தாள். அவனிடம் சொல்லவில்லை. இன்றோடு ஒன்பது நாள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு நூற்றிருபதில் வைத்தாள். பழைய நாற்காலியின் காலில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்தது.

கேட்டின் பைப்பும் அந்த நாற்காலிக் காலைப்போல மெல்லிசுதான். அவனே செய்துவைத்துவிட்டுப் போன கேட். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் தெருவே பார்க்கும். அவன் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கொட்டகைக்குள் தலைக்கு மேல் பல்பு மங்கலாக எரிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

நேற்று இப்படி மங்கவில்லையே.

மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தோணியம்மாவின் மாவு மில். பெல்ட் தட்தட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. நேற்று பெல்ட் அறுந்து மில் பூட்டிக் கிடந்தது.

அட!

இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன். மில் குடித்தது போக மிச்சம்தான் இங்கே வருகிறது. எழுபது என்று முள் சொல்கிறது, அவ்வளவுதான். முள்ளுக்கென்ன, எதையும் சொல்லும்.

மெஷினின் கைப்பிடியைத் திருகினாள். எழுபத்தைந்து. விட்டு விட்டுத் துப்பியது. எண்பது. பரவாயில்லை.

எண்பத்தைந்து.

அப்பளம் பொரிகிறதுபோல ஒரே சீராகச் சடசடத்தது.

இத்தனை வருஷத்தில், எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க அவளுக்கு யாரும் எண் சொன்னதில்லை. ஒரு சொட்டு மாவு போட்டால் சத்தமே சொல்லிவிடும். இங்கேயும் அதே கதைதான். இதற்குப் போய் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

மெஷினை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்து கேட்டை நிமிர்த்தி, கீலைப் பொருத்தினாள்.

அப்புறம்தான் அந்த ஆசை வந்தது.

வெள்ளிக்கிழமை. அவனுக்கு லீவு. ரூமில் படுத்துத்தான் கிடப்பான்.

போன் போட்டாள். எடுத்தான்.

"பேசாதீய. கேளுங்க."

போனை மதில்மேல் வைத்தாள். கருப்புக் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு ராடைக் கீலில் தட்டினாள்.

இரண்டு அங்குலம். மூச்சை விடாமல் ஓட்டி முடித்தாள்.

சுத்தியலால் தட்டினாள். கருப்புத் தோல் உரிந்து விழுந்தது. உள்ளே மீன் செதில் அடுக்கினாற்போலப் பளபளத்தது.

ஓட்டை இல்லை.

நம்பாமல் கையுறையைக் கழற்றி அடியில் தடவப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தாள்.

"எத்தனைல வச்சிருக்க?"

யார் பற்றவைத்தது என்று அவன் கேட்கவில்லை.

"எம்பத்தஞ்சு."

"நம்ம கேட்டுக்கா?"

குரல் ஏறியது. அந்தப் பைப்பின் கனம் அவனுக்குத் தெரியாதா? எண்பத்தைந்தில் பொத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அவள் போனை மில் பக்கம் திருப்பினாள். கேட்கட்டும்.

மதிலுக்கு அப்பால் பெல்ட் அடித்தது.

"மில்லு ஓடுதோ?"

"ஓடுது."

"ம்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளிடம் அவன் இப்படி ஒரு "ம்" சொன்னதில்லை. கூட வேலை பார்க்கிறவனிடம் சொல்கிற "ம்" அது.

கீலின் அடுத்த பக்கம் பாக்கி இருந்தது. உறையை மாட்டிக்கொண்டு புது ராடைச் செருகினாள்.

பெல்ட் சத்தம் தேய்ந்தது. ஒருமுறை திக்கியது. நின்றுபோனது.

தெருவே சட்டென்று அமைதியானது.

தோஹாவில் அவன் எழுந்து உட்கார்ந்தது போனிலேயே தெரிந்தது.

"ஏட்டி, ஏட்டி, மில்லு நின்னுட்டு, அத மொதல்ல..."

"கொறச்சிட்டேன்."

முள் எழுபதில் நின்றது.

அங்கேயிருந்து சிரிப்பு வரவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது. அடுத்த சடசடப்பைக் கேட்பதற்கு அவன் காத்திருந்தான்.

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.