நாலாம் நம்பர் மெஷின்

"பெல்ட்டு, பேரிங், ஆயிலுன்னு மத்த மூணு மெஷினும் காசை முழுங்குது முதலாளி! நாலாம் நம்பரைப் பாருங்க, ரெண்டு வருஷமா ஒரு ஆணிச் செலவு உண்டா?" என்று மேனேஜர் பராமரிப்புப் பதிவேட்டைத் தட்டினார்.

"சார், அந்த நாலாம் நம்பர் வந்து..." என்று இழுத்தார் மெக்கானிக்.

"நீ வாயை மூடுய்யா! மூணையும் தள்ளிட்டு, நாலாம் நம்பர் மாதிரியே மூணு வாங்கிடலாம் முதலாளி. இந்த ஆளுக்கும் கணக்கு முடிச்சிடலாம்."



"மாசாமாசம் மெஷினை நேர்ல பாக்கறீங்கல்ல?" என்றார் முதலாளி.

"பாக்காம கையெழுத்துப் போடுவேனா?"

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வாங்க, அந்த மகராசன் மெஷினை நானும் பாக்கறேன்."

ஷெட்டில் மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலாவது இடத்தில், தரையில் நாலு போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன.

மேனேஜர் பேயறைந்தது போல் நின்றார். "மெஷின் எங்கேய்யா?" என்று முதலாளி உறுமினார்.

"ஒரே வாரத்துல தந்துடறேன்னு உங்க மச்சான் அவர் கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போனாரே முதலாளி, ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் மெக்கானிக். "ஞாயித்துக்கிழமை தவறாம அங்க போய் அதுக்கு ரிப்பேர் பாக்கறதும் நான்தான்."