டீக்கடையில் விட்டுவந்த சுலோச்சனா

லும்பினி யாத்திரைக்குக் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து கிளம்பியவர்கள் முப்பத்திரண்டு பேர். பஸ்ஸில் ஆள் எண்ணும் பொறுப்பு ராகுலனுக்கு. கூட வந்த சுலோச்சனாவுக்கு முழங்கால் வலி. நேபாளத்துக்குள் நுழைந்ததிலிருந்து, நின்ற இடமெல்லாம் அவரால் தாமதம்.

மலைப்பாதையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கழிப்பறைக்குப் போன சுலோச்சனா இன்னும் ஏறவில்லை என்று ராகுலனுக்குத் தெரியும். கொஞ்சம் பயந்தால்தான் புத்தி வரும் என்று நினைத்து, "எல்லாரும் வந்துட்டாங்க, போலாம்" என்றார். அடுத்த வளைவில் நிறுத்தச் சொல்ல நினைத்தார். ஆனால் பொய்யை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் போய்விட்டது.

போன் அடித்தது.

"அண்ணா, சுலோச்சனா பேசறேன், டீக்கடைக்காரர் போன்ல. இன்னாண்ணா, என்னை வுட்டுட்டுப் போய்ட்டீங்களே!"

ராகுலன் எழுந்து பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். "தெரிஞ்சேதான் வுட்டுட்டு வந்தேன்" என்றார்.

"இன்னா மாமா சொல்றீங்க?" என்றாள் பின்சீட்டுத் தென்றல். "அத்தை இங்கதானே தூங்கறாங்க."

சுலோச்சனாவின் சீட்டில், தலைக்கு முக்காடிட்டு, ஜன்னல் பக்கம் முகம் திருப்பி ஒருவர் இருந்தார். ராகுலன் அருகே போகவில்லை.

டீக்கடை வாசலில் சுலோச்சனா அழுதுகொண்டு நின்றார்.

"மன்னிச்சிடும்மா" என்றார் ராகுலன்.

"திரும்பி வந்தீங்களே, அது போதும்ண்ணா."

கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, தன் சீட்டுக்கு நடந்தார் சுலோச்சனா. அங்கிருந்தவர் முகத்தைத் திருப்பாமலே ஜன்னலோரம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.