பாரம் இழுக்கும் லைசென்ஸ்

குணரத்தினம் கடலிலிருந்து திரும்பவில்லை. அவருடைய மீன்பிடிப் படகு மட்டும் நோர்வேயின் வடகரையில் ஒதுங்கியது. மகள் துஷ்யந்தி அதை ட்ரெயிலரில் ஏற்றி, காரில் பூட்டி, தாய் கமலாசினியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார்.

"கார் ஓட்ட இந்த லைசென்ஸ் போதும். இவ்வளவு பாரம் இழுக்க வேறு வேண்டும்," என்றார்.

"அது அப்பாவிடம்தான் இருந்தது," என்றாள் துஷ்யந்தி.

நடந்ததைக் கேட்டு அவர் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும், படகை ஓரமாக விட்டுவிட்டு, அந்த லைசென்ஸ் உள்ள ஒருவரை அழைத்து வரும்படி சொன்னார். மகள் அதைத் தமிழில் சொன்னதும் கமலாசினி கேட்டாள்: "அவரின்ர உடம்புதான் கிடைக்கேல்லை. இதையும் றோட்டில விட்டிட்டு வாறதோ?"

அவள் இறங்கிப் போய், ட்ரெயிலரில் கால் வைத்து ஏறி, படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"நீ போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை. நான் அப்பாவோட இருக்கிறன்."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

துஷ்யந்தி சொன்னாள்.

அவர் தன் வாகனத்தைப் படகின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, நீல விளக்கை எரியவிட்டார்.