விரல்கடை

"ஆறு வருசமா துரைக்குப் பந்து போடுறே. ஒரு நாளாவது விக்கெட் குச்சியைச் சாய்ச்சிருக்கியா? இந்த லட்சணத்துல மலாயாவுக்கு வேற போறே" என்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஞானமுத்து சிரித்தார்.

மலாயாவில் இருக்கும் தன் சிநேகிதரின் கிரிக்கெட் கிளப்பில் பந்து போட, வெள்ளைக்காரத் துரைதான் சடையனை அனுப்புகிறார். கையில் ஒரு கடுதாசியும் கொடுத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறாரோ என்று சடையன் அதைக் கிளாக்கரிடம் நீட்டினான்.

"படிச்சுச் சொல்லுங்கய்யா."

கிளாக்கர் பிரித்து, தமிழில் சொல்லத் தொடங்கினார். போகப்போக அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவன் என்னை ஒரு தடவைகூட அவுட்டாக்கியதில்லை. குச்சிக்கு நேராக வரும் பந்து கடைசியில் ஒரு விரல்கடை விலகிப் போகும். ஆறு வருஷமும் அதே விரல்கடைதான். நினைத்த இடத்தில் போடத் தெரிந்தவனால்தான் அது முடியும். வேலை போய்விடுமென்று பயந்திருக்கிறான். அங்கேயாவது பயமில்லாமல் போடட்டும்."

சடையன் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பதுளையில ரயிலு எத்தனை மணிக்குங்க?"

"சாயங்காலந்தான். ஏன்?"

"தொரைக்கு ஒரே ஒரு பந்து நேராப் போட்டு, கும்புட்டுட்டு வந்துர்றேன்."